இழப்பீட்டுக்கு உச்சவரம்பு: மருத்துவச் செலவு உண்மையில் குறைந்ததா?

நெடுவழி

வணக்கம். சென்ற வாரம் ஒரு நண்பர் வீட்டில் நடந்த பேச்சு மனதை விட்டு அகலாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் மருத்துவச் செலவு ஏன் இப்படி ஏறிக்கிடக்கிறது என்ற கேள்வி எழுந்ததும், அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். டாக்டர்கள் மீது ஆளாளுக்கு வழக்குப் போடுகிறார்கள், ஜூரி அள்ளிக் கொடுக்கிறது, அந்தச் சுமை முழுவதும் நம் பில்லில் வந்து விழுகிறது, இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நான் பதினோரு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்தப் பதில் நான் அன்றாடம் பார்க்கும் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் சட்டத்தின் பின்னணி. 1970களின் நடுவில் மருத்துவர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியம் திடீரென எகிறியது. சில காப்பீட்டு நிறுவனங்கள் அந்தத் தொழிலையே விட்டு விலகின. கலிஃபோர்னியாவில் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்க, 1975இல் ஆளுநர் ஜெரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, 'மிக்ரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தைக் கொண்டுவந்தார். மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் ஆகியவற்றுக்கான இழப்பீட்டை அச்சட்டம் தொடவில்லை. வலி, வேதனை, உருக்குலைவு, துணையை இழந்த துயரம் போன்ற ரசீது காட்ட முடியாத இழப்புகளுக்கு மட்டும் இரண்டரை லட்சம் டாலர் என்று கோடு கிழித்தது. விலைவாசிக்கேற்ப அதை உயர்த்தும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், 1975இல் எழுதிய தொகையே 2022 வரை அசையாமல் நின்றது. அதைச் சுமார் 11 லட்சம் டாலராக உயர்த்தக் கோரிய 46ஆம் முன்மொழிவை 2014இல் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். பின்னர் இரு தரப்பும் பேசி முடித்து 2022இல் நிறைவேறிய சட்டத்தின்படி, உயிரிழப்பு இல்லாத வழக்குகளில் மூன்றரை லட்சம், உயிரிழந்த வழக்குகளில் ஐந்து லட்சம் என்று 2023இல் தொடங்கி, பத்தாண்டுகளில் முறையே ஏழரை லட்சமும் பத்து லட்சமுமாக அவை உயரும்.

டெக்சஸ் மாநிலம் 2003இல் அதே வழியில் சென்றது. மருத்துவர்களைப் பொறுத்தவரை இரண்டரை லட்சம், மருத்துவமனைகளையும் சேர்த்தால் அதிகபட்சம் ஏழரை லட்சம் என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு அரசமைப்பில் இடம் தரும் திருத்தம் செப்டம்பர் மாதப் பொதுவாக்கெடுப்பில் நூலிழையில் வென்றது.

இனி செலவுக்கு வருகிறேன். நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2009 அக்டோபரில் செனட்டர் ஓரின் ஹாட்ச் கேட்டதற்குப் பதிலாக ஒரு மதிப்பீட்டை அனுப்பியது. இரண்டரை லட்சம் டாலர் வரம்பு உள்ளிட்ட வழக்கமான சீர்திருத்தங்களை நாடு முழுவதும் கொண்டுவந்தால் மொத்த மருத்துவச் செலவு எவ்வளவு குறையும் என்பதே கேள்வி. ஏறத்தாழ அரை சதவீதம் என்றது பதில். அதில் 0.2 சதவீதம் பிரீமியம் குறைவதால் வருவது, எஞ்சிய 0.3 சதவீதம் தேவையற்ற பரிசோதனைகள் சற்றுக் குறைவதால் வருவது. அந்த ஆண்டுக் கணக்கில் சுமார் 1,100 கோடி டாலர். தனியாகப் பார்த்தால் பெரிய பணந்தான். ஆனால் 2023இல் இந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்தது ஏறத்தாழ 4.9 லட்சம் கோடி டாலர், உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தவறிழைத்த மருத்துவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது நியாயம் பற்றிய கேள்வி. அதைச் செலவைக் குறைக்கும் மருந்தாக விற்பது தவறு. மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாக மருத்துவர்கள், எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப்பணி

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். நான் டெக்சஸில் அவசர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கும் மருத்துவன். உங்கள் கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நிதிப் பிரிவின் மேசைக்கு வந்து சேராத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

இரவு மூன்று மணிக்கு ஒரு பத்தொன்பது வயது இளைஞனை அழைத்து வருகிறார்கள். விளையாட்டில் தலையில் அடிபட்டிருக்கிறது. அரை நிமிடம் நினைவு தப்பியிருக்கிறது. இப்போது தெளிவாகப் பேசுகிறான். வாந்தி இல்லை, கண்மணிகள் சமமாக இருக்கின்றன, மண்டை எலும்பு முறிந்ததற்கு அறிகுறி இல்லை. யாருக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று கனடா நாட்டு மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட விதிமுறை ஒன்று உண்டு. அதன்படி இவனுக்குத் தேவையில்லை. நான்கு மணி நேரம் பக்கத்தில் வைத்துக் கவனித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அவனுடைய தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பத்தாயிரத்தில் ஒருவனாக இவன் இருந்துவிட்டால், மூன்றாண்டு கழித்து ஒரு வழக்கறிஞர் என்னைப் பார்த்து, "பத்து நிமிட ஸ்கேனை ஏன் எடுக்கவில்லை, டாக்டர்?" என்று கேட்பார் என்பது என் மண்டைக்குள் ஓடுகிறது. ஸ்கேனுக்கு எழுதிவிடுகிறேன். அந்தச் செலவு பில்லில் தலைக்காயம் என்ற பெயரில்தான் ஏறும். பயம் என்ற தலைப்பில் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஆய்வுகளும் இதைச் சொல்லியிருக்கின்றன. 1996இல் கெஸ்லர், மெக்கிளெலன் என்ற இரு பொருளியலாளர்கள், மெடிகேர் என்ற, முதியோருக்கான அரசுக் காப்பீட்டைப் பெறும் இதய நோயாளிகளின் மருத்துவமனைச் செலவை ஆராய்ந்து, இழப்பீட்டை நேரடியாகக் கட்டுப்படுத்திய மாநிலங்களில் அது 5 முதல் 9 சதவீதம் வரை குறைந்ததாகவும், இறப்பு விகிதம் குறிப்பிடும்படி கூடவில்லை என்றும் எழுதினார்கள். அண்மையில் ஃப்ரேக்ஸ், க்ரூபர் இருவரும் ராணுவ மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே சிகிச்சை பெறும் பணியிலுள்ள வீரர் மருத்துவத் தவறுக்காக அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1950இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதே மருத்துவமனையில் அதே மருத்துவரிடம் வரும் வீரரின் குடும்பத்தினர் வழக்குத் தொடரலாம். இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, வழக்குத் தொடர முடியாதவர்களுக்கான உள்நோயாளிச் செலவு சுமார் 5 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் அவர்கள் உடல்நிலை மோசமானதாகத் தெரியவில்லை. அரை சதவீதம் எங்கே, ஐந்து சதவீதம் எங்கே?

தாழை

இந்த இழையை இரண்டு நாள்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி, இப்போது எழுதுகிறேன்.

என் அம்மா 71 வயதில் டெக்சஸில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். சிறுநீரகக் கோளாறுக்காகச் சேர்த்திருந்தோம். இறந்த மறுநாள் ஒரு மருத்துவர் வந்து, இதயம் திடீரென நின்றுவிட்டது, வயது காரணம், எங்களால் இயன்றதைச் செய்தோம் என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டு வாங்கினேன். 400 பக்கங்களுக்கு மேல் வந்தது. காலை 6.12க்கு ஆய்வகம் வெளியிட்ட ரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசியம் அளவு 7.1 என்றும், அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் இருந்தன. அந்த முடிவை ஒருவர் கணினியில் திறந்து பார்த்த நேரம் பிற்பகல் 1.40. அம்மாவின் இதயம் நின்றது 1.25க்கு.

மூன்று வழக்கறிஞர்களிடம் போனேன். மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள்; மூவரும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள். அம்மா வேலைக்குப் போகவில்லை, ஆகவே இழந்த சம்பளம் இல்லை. சிகிச்சைச் செலவை மெடிகேர் கொடுத்துவிட்டது. எஞ்சியிருப்பது எங்கள் துயரம் மட்டுமே; அதற்குத்தான் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நிபுணர்களை அமர்த்தவும் அறிக்கை வாங்கவும் அவர்கள் தம் கையிலிருந்து செலவழிக்க வேண்டிய தொகையைக் கழித்தால் வழக்கை எடுப்பதற்கு வழியில்லை என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

டாக்டர், நீங்கள் பயத்தால் ஸ்கேன் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் என் அம்மாவின் விஷயத்தில் யாருக்கும் எந்தப் பயமும் ஏற்பட வழியே இல்லாமல் போயிற்று. நான் கேட்டது பணம் இல்லை. அந்த ஏழரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

கணக்கன்

தாழை அம்மா, உங்கள் பதிவுக்குப் பிறகு எண்களைப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் சொன்னதற்கும் எண்களுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால் எழுதுகிறேன். நான் காப்பீட்டுத் துறையில் பிரீமியம் கணக்கிடும் வேலையில் இருக்கிறேன்.

வரம்பு வைத்தால் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கும் தொகை குறையும், அதில் சந்தேகம் இல்லை. டெக்சஸில் 2003க்குப் பிறகு வழக்குகளும் குறைந்தன, கொடுத்த தொகையும் பாதிக்கு மேல் குறைந்தது, மருத்துவர்கள் கட்டும் பிரீமியமும் கணிசமாக இறங்கியது. இந்தச் சேமிப்பு நோயாளியின் பில்லுக்கோ வரி செலுத்துபவரின் சுமைக்கோ வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. பிளாக், ஹைமன், சில்வர், பெய்க் ஆகிய ஆய்வாளர்கள் டெக்சஸில் மெடிகேர் செலவை மாவட்ட வாரியாக எடுத்துப் பார்த்தார்கள். வழக்கு அபாயம் அதிகமாக இருந்த மாவட்டங்களில் சீர்திருத்தத்துக்குப் பிறகு செலவு அதிகமாகக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படிக் குறைந்ததற்கான சான்று இல்லை என்று 2012இல் எழுதினார்கள். அந்தக் குழுவில் சிலர் பின்னர் வரம்பு கொண்டுவந்த ஒன்பது மாநிலங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மருத்துவர் கட்டணங்களை உள்ளடக்கிய மெடிகேர் 'பி' பகுதியின் செலவு சற்றுக் கூடியே இருந்தது.

இரவுப்பணி ஐயாவுக்கு நேரடியாக ஒன்று. உங்கள் மாநிலத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தொகைக்கு வரம்பு வைத்ததோடு நிற்கவில்லை. அவசர சிகிச்சையில் சாதாரணக் கவனக்குறைவை நிரூபித்தால் போதாது, தெரிந்தே அலட்சியம் காட்டியதை நிரூபிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தனிப் பாதுகாப்பும் கொடுத்தது. ஜார்ஜியாவும் தென் கரோலினாவும் 2005இல் ஏறத்தாழ அதையே செய்தன. இந்த மூன்று மாநிலங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை ஸ்கேன் எடுத்தார்கள் என்று ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்து 2014இல் வெளியிட்டது. சி.டி., எம்.ஆர்.ஐ. எடுப்பது மூன்று மாநிலத்திலும் குறையவில்லை. ஜார்ஜியாவில் மட்டும் ஒரு வருகைக்கான கட்டணம் 3.6 சதவீதம் குறைந்தது. நீங்கள் விவரித்த அந்த இரவில், சட்டப்படி நீங்கள் நாட்டிலேயே நன்றாகப் பாதுகாக்கப்பட்ட அவசர சிகிச்சை மருத்துவர்களில் ஒருவர். இருந்தும் ஸ்கேனுக்கு எழுதினீர்கள்.

முழு வழக்கு அமைப்பின் செலவு எவ்வளவு என்பதற்கு நான் நம்பும் மதிப்பீடு 2010இல் மிஷெல் மெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. 2008 டாலர் மதிப்பில் ஆண்டுக்கு 5,560 கோடி. மொத்த மருத்துவச் செலவில் 2.4 சதவீதம். அதில் 4,560 கோடி, இரவுப்பணி ஐயா சொல்லும் அந்தத் தற்காப்பு மருத்துவத்தின் செலவு. சட்டத்தை மாற்றினால் இந்த 2.4 சதவீதமும் மறைந்துவிடாது, ஒரு பகுதிதான் குறையும். அதனால்தான் வரவுசெலவு அலுவலகத்தின் எண் அரை சதவீதத்தில் நிற்கிறது. ராணுவ மருத்துவமனை ஆய்வு அளந்தது வழக்கே தொடர முடியாத நிலையை. எந்த மாநிலமும் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை.

இரவுப்பணி

கணக்கன் அவர்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். அந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு எங்கள் ஓய்வறையில் ஒரு காலத்தில் ஒட்டியே இருந்தது. அதை வசதியாக மறந்துவிட்டு எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் சட்டம் மாறியும் கை மாறவில்லை என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த விடை, நாங்கள் பயப்படுவது தொகைக்கு இல்லை என்பதே. தொகையைக் காப்பீடு கொடுத்துவிடும். அமெரிக்க மருத்துவர்களில் ஓர் ஆண்டில் 7.4 சதவீதம் பேர் மீது இழப்பீட்டுக் கோரிக்கை எழுகிறது, பணம் கொடுக்கும் நிலைக்கு வருவது 1.6 சதவீதம் மட்டுமே என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. நரம்பியல் அறுவை போன்ற அபாயம் மிகுந்த பிரிவுகளில் 65 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருமே ஒருமுறையாவது சிக்குவார்கள் என்றும் அது சொன்னது. என் மீதும் ஒரு வழக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் ஆறு மாதம் நடந்து, ஒரு காசு கொடுக்காமல் தள்ளுபடியானது. அந்த நான்கரை ஆண்டும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம், உங்கள் மீது வழக்கு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். அந்த நோயாளியின் பெயர் இன்றும் தூக்கத்தில் வருகிறது. இரண்டரை லட்சம் என்ற வரம்பு இதில் எந்த இடத்தையும் தொடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடுத்தால் மருத்துவமனைக்கு வருமானம். எடுக்காமல் நான்கு மணி நேரம் நோயாளியைக் கவனித்தால் படுக்கை அடைபடும். பயமும் வருமானமும் ஒரே திசையில் தள்ளும்போது பயத்தை மட்டும் எடுத்துவிட்டு மாற்றத்தை எதிர்பார்ப்பது சரியில்லை.

தாழை அம்மா, உங்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவையும் சுற்றி எழுதினேன். பொட்டாசியம் 7.1 என்பது எங்கள் பிரிவில் எல்லோரும் ஓட வேண்டிய எண்.

வழக்குரை

நான் சட்டம் படித்தவள்; முன்பு நோயாளிகள் தரப்பில் வழக்காடியவள், இப்போது அந்த வேலையில் இல்லை. தாழை அவர்களிடம் மூன்று வழக்கறிஞர்கள் சொன்னதை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். வரம்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு மூன்று லட்சம் சம்பாதிக்கும் 40 வயதுக்காரர் இறந்தால் இழந்த சம்பளத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. குழந்தை, முதியவர், வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் ஆகியோர் இறந்தால் இழப்பு முழுவதும் வரம்புக்குள் அடங்கும் வகையைச் சேர்ந்தது. வரம்புகள் சில நீதிமன்றங்களுக்கும் உறுத்தின. இல்லினாய், ஜார்ஜியா மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்கள் 2010இலும், ஃப்ளோரிடாவின் உச்ச நீதிமன்றம் 2014, 2017 ஆகிய ஆண்டுகளிலும் வரம்புகளை ரத்து செய்தன. ஒவ்வொன்றும் சொன்ன காரணம் வேறு: அதிகாரப் பிரிவினை, ஜூரி விசாரணை உரிமை, சமத்துவம்.

ஆனால் என் பழைய தரப்பையும் விட்டுவைக்க மாட்டேன். வழக்கு மன்றம் நியாயம் வழங்கும் இடம் என்று சொல்லிக்கொள்வதற்கு எங்களுக்கு அவ்வளவு தகுதி இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 1984இல் மருத்துவமனையில் இருந்தவர்களின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் படித்தார்கள். நூற்றுக்கு 3.7 பேருக்குச் சிகிச்சையாலேயே தீங்கு நேர்ந்திருந்தது. அவற்றில் கால்பங்குக்கு மேல் கவனக்குறைவால் வந்தவை. அந்தக் கவனக்குறைவுகளில் நூற்றுக்கு இரண்டுகூட வழக்காகவில்லை. மறுபக்கம், 2006இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு முடிந்துபோன 1,452 கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்ததில், 37 சதவீதத்தில் மருத்துவப் பிழையே இல்லை. அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பணம் பெறாமல் போயின என்பது ஆறுதல். ஆனால் காயம் நேர்ந்ததிலிருந்து முடிவு வரச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆயின. காயமடைந்தவர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் 54 சென்ட் வழக்கறிஞர், நிபுணர், நீதிமன்றம் என்று போயிற்று. உரியவர் வருவதில்லை, வந்தவரில் மூன்றில் ஒருவர் உரியவர் இல்லை, வந்தும் ஐந்தாண்டு. இரவுப்பணி டாக்டரின் நான்கரை ஆண்டும் தாழை அவர்களுக்குக் கிடைக்காத பதிலும் ஒரே அமைப்பின் இரு முனைகள்.

நெடுவழி

உரையாடல் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. நான் தொடங்கியபோது வரம்பு வேண்டாம் என்று சொல்வதோடு நின்றிருந்தேன். இப்போது எதை மாற்றினால் பணமும் மிஞ்சும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு உதாரணங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று மயக்க மருந்து. 1980களில் மயக்க மருத்துவர்களின் பிரீமியம் மிக உயரத்தில் இருந்தது. அவர்களுடைய சங்கம், முடிந்துபோன வழக்குகளின் கோப்புகளைக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கி, நோயாளிகள் எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தது. சுவாசம் நின்றதைக் கவனிக்கவில்லை, மூச்சுக்காகச் செருகிய குழாய் உணவுக்குழாய்க்குள் போனதை அறியவில்லை என்பவை திரும்பத் திரும்ப வந்தன. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவீட்டுக் கருவியையும் மூச்சில் வரும் கரியமில வாயுவை அளக்கும் கருவியையும் வழக்கமாக்கினார்கள். 1986இல் கண்காணிப்புக்கான பொது விதிமுறையை வெளியிட்டார்கள். இறப்புகள் குறைந்தன, வழக்குகள் குறைந்தன, பிரீமியமும் இறங்கியது. அவர்கள் கோப்புகளைத் திறந்து படித்ததால் கிடைத்த பலன் இது.

இன்னொன்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை. 2001 முதல் அவர்கள் வேறு வழியை மேற்கொண்டார்கள். தவறு நேர்ந்தால் தாமே குடும்பத்திடம் சொல்வது, விசாரிப்பது, தவறு தம்முடையது என்றால் மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டை முன்வந்து கொடுப்பது, தவறில்லை என்றால் உறுதியாக எதிர்த்து நிற்பது. 2010இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்கு 2.13 ஆக இருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. கோரிக்கை தீர எடுத்துக்கொண்ட காலம் 1.36 ஆண்டிலிருந்து 0.95 ஆண்டாகச் சுருங்கியது. மொத்தச் செலவும் குறைந்தது. அதே காலத்தில் மாநிலம் முழுவதும் வழக்குகள் குறைந்துவந்ததால் முழுப் பெருமையும் அத்திட்டத்துக்குச் சேராது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் வழக்கு பெருகும் என்று எல்லா மருத்துவமனைச் சட்டப் பிரிவுகளும் சொல்லிவந்தது நடக்கவில்லை என்பது வரை உறுதி.

தடுத்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் இறக்கிறார்கள் என்றும், அப்பிழைகளின் மொத்தச் செலவு 1,700 கோடி முதல் 2,900 கோடி டாலர் வரை என்றும் 1999இல் தேசிய மருத்துவக் கழகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. வரம்பால் சேமிக்கலாம் என்று சொல்லப்படும் 1,100 கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் சண்டையிடுவது சிறிய எண்ணுக்காக.

வழக்குரை

நெடுவழி அவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும். மருத்துவமனை தானே விசாரித்து, தானே தொகையை நிர்ணயித்து, துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் முன் ஒரு தாளை நீட்டினால், அந்தத் தொகை நியாயமானதா என்று அந்தக் குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கும்படி மருத்துவமனையே சொல்லும் திட்டங்களை மட்டுமே நான் நம்புவேன். வழக்குத் தொடரும் உரிமை பின்னால் உயிரோடு இருந்தால்தான் முன்னால் நடக்கும் பேச்சும் நேர்மையாக இருக்கும். அந்த வகையில் வரம்பும் வெளிப்படையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. டெக்சஸில் தாழை அவர்களின் குடும்பத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

மன்னிப்பு பற்றியும் ஒரு சட்டத் தகவல். பல மாநிலங்களில் மருத்துவர் வருத்தம் தெரிவித்ததை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் டெக்சஸ் சட்டம் அனுதாபச் சொற்களை மட்டுமே காக்கிறது. "எங்கள் தவறு" என்று சொன்னால் அது சாட்சியமாகும். கொலராடோ சட்டம் தவறை ஒப்புக்கொள்வதையும் காக்கிறது. டெக்சஸில் அந்த மருத்துவர் தாழை அவர்களிடம் ஏன் வயதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார் என்பதற்கு இது காரணமாக இருக்கலாம். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

தாழை

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி டாக்டரிடம் ஒரு கேள்வி. அப்படிப்பட்ட எண் வந்தால் ஓட வேண்டும் என்று எழுதினீர்கள். யார் ஓட வேண்டும்? அந்த முடிவு யாரிடம் போயிருக்க வேண்டும்? கணினியில் சிவப்பாகத் தெரிந்தால் போதும் என்பதுதான் வழக்கமா?

இரவுப்பணி

போதாது அம்மா. ஆபத்தான எல்லையைத் தாண்டிய முடிவு வந்தால் ஆய்வகத்தில் இருப்பவர் அந்த வார்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எடுத்தவர் நோயாளியின் பெயரையும் எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும். அழைத்த நேரம், எடுத்தவரின் பெயர், அவர் திருப்பிச் சொன்னாரா என்பது மூன்றையும் ஆய்வகம் பதிந்துவைக்கும். நான் வேலை பார்த்த எல்லா மருத்துவமனைகளிலும் இதுதான் நடைமுறை. அந்தக் குறிப்பு நோயாளியின் முடிவுத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். சில இடங்களில் ஆய்வகத்தின் தனிக் கணினியில் மட்டும் இருக்கும், தனியாகக் கேட்காவிட்டால் உங்களுக்குக் கொடுக்கும் பதிவுகளில் வராது. உங்களிடம் இருக்கும் 400 பக்கங்களில் 6.12க்கான முடிவுத் தாளை எடுத்து, கடைசி வரியைப் பாருங்கள்.

தாழை

பார்த்தேன். கடைசி வரியில் "அழைக்கப்பட்டது" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு நேரமும் பெயரும் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஆய்வகத்தின் அழைப்புப் பதிவைக் கேட்டு இன்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வழக்குரை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்த்து, பதிவின் சரியான பெயர் என்ன என்று சொன்னால் திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன்.